செக்கர் வீரையாவும் பதினேழு புள்ளி ஒன்றும்

இந்த உலகத்தில் எழுதப்பட்ட வாசகங்களிலேயே படு அயோக்கியத்தனமானது எது என்று காரைக்குடி செக்காலையில் குடியிருக்கும் வீரையாவைக் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சொல்வார்: 'சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன.' போனுக்குப் புது அப்டேட் வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளுங்கள் என்று தகவல் வரும்போதெல்லாம் அடியில் ஒட்டிக்கொண்டு வருகிற வரி அது. என்ன பிழை? எத்தனை நாளாக இருந்தது? செய்தவன் யார்? அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுக்கும் பதில் கிடையாது. சரிசெய்தாயிற்றாம், நாம் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டுமாம்.

"ஒரு கண்டக்டர் என்கிட்ட வந்து, 'சார், சில தப்பு நடந்துபோச்சு, நானே சரிபண்ணிட்டேன், கண்டுக்காதீக'ன்னு சொன்னா நான் விட்டுருவேனா?" என்பார்.

விட்டதில்லை. கல்லல் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, நிலம் அண்ணன்மாரோடு போக, இவர் பஸ்ஸில் கண்டக்டராக ஏறி, டிக்கெட் பரிசோதகராக இறங்கியவர். எந்த நிறுத்தத்தில் ஆள் எதிர்பார்க்க மாட்டார்களோ அந்த நிறுத்தத்தில் ஏறுவார். டிக்கெட்டைப் பார்க்க மாட்டார், முதலில் முகத்தைப் பார்ப்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பார்வை மட்டும் ஓய்வு பெறவில்லை. பால் பாக்கெட்டைத் தேதி பார்க்காமல் வாங்க மாட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை இரண்டு கடையில் விசாரிக்காமல் விழுங்க மாட்டார். அவர் மனைவி அக்கம்மாள் இதற்கெல்லாம் அசருவதே இல்லை. "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவே, சவுரி முடியா என்னன்னு ஆத்தாளை விட்டு இழுத்துப் பாக்கச் சொன்னவுகதான இவுக" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

அப்படிப்பட்ட மனுஷர் தொடுதிரைப் போன் வாங்கியது ஆசைக்காக அல்ல. எல்லாம் தங்கச்சி வீட்டுக்காரருக்காக.

தங்கை முத்தழகைக் குன்றக்குடியில் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் கணவர் வயிரவன் நெல் அறுக்கும் மிஷினை வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரமெல்லாம் ஓட்டிக்கொண்டு இருந்தவர். சர்க்கரை வந்து, கவனிக்காமல் விட்டு, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் காரைக்குடிக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு போவார். முத்தழகு தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று நின்றாள். அவளுக்கும் சர்க்கரை ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர்கள் தள்ளிவிட்டார்கள். வீரையாவையும் சோதித்துப் பார்த்து, வயதையும் ரத்த அழுத்தத்தையும் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கிற சிறுநீரகத்துக்காக மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்தார்கள். முறை வந்தால் போன் பண்ணுவோம் என்றார்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த நம்பரிலிருந்து என்றெல்லாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எடுக்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இன்னொரு நம்பரும் கேட்டார்களாம். வயிரவன் தன் போனிலேயே கிடந்த இரண்டாவது சிம்மின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். முத்தழகுக்குப் போன் கிடையாது. ஆக, அவர் உயிர் அந்த ஒரு போன் அடிப்பதில் இருந்தது. இது தெரிந்த நாளிலிருந்து வீரையாவுக்கு அந்தப் போனைத் தவிர வேறு நினைப்பில்லை.

அந்தப் போனில் பாதி ராத்திரியில் எவனோ முகம் தெரியாதவன் எதையோ ஏற்றுகிறான், இறக்குகிறான், கேட்டால் பிழை சரிசெய்தேன் என்கிறான் என்றால் சும்மா இருக்க முடியுமா? வீரையா பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் விக்கி வைத்திருக்கும் போன் கடைக்குப் போனார். மாப்பிள்ளை வைத்திருக்கிற அதே கம்பெனியில், அதே மாடலில், நிறம்கூட மாறாமல் தனக்கும் ஒன்று வாங்கினார். எந்த அப்டேட் வந்தாலும் முதலில் தன் போனில்தான் ஏறும். சில நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்கிறதா, பேசும்போது குரல் கேட்கிறதா, சார்ஜ் நிற்கிறதா என்று எல்லாம் சோதித்து, பழுதில்லை என்று தெரிந்த பிறகே குன்றக்குடிக்குப் பஸ் ஏறிப்போய்த் தன் கையாலேயே மாப்பிள்ளை போனில் ஏற்றுவார். தானாக ஏறிக்கொள்ளும் வசதியை இரண்டிலும் அடைத்து வைத்துவிட்டார்.

நம்பர் விவகாரத்தை விக்கிதான் அவருக்கு விளக்கினான். "புள்ளிக்கு முன்னால இருக்கது பெரிய மாத்தம் ஐயா. புள்ளிக்குப் பின்னால இருக்கது சின்னச் சின்னதா அதுல பண்ற திருத்தம்."

"அதாவது, அவசர அவசரமாக் கட்டிப் பால் காய்ச்சிட்டு, அப்புறமா ஒழுகுற எடத்தை அடைக்கிறான்ங்கற."

"அப்படியும் வச்சுக்கலாம்யா."

"அப்ப பால் காய்ச்சுன அன்னைக்கே நான் எதுக்குக் குடிபோகணும்? அடைச்ச பெறகு போறேன்."

அன்றிலிருந்து புள்ளி விழாத எதையும் அவர் தொடுவதில்லை. இதோடு இன்னும் சில விதிகளைத் தானே சேர்த்துக்கொண்டார். அஷ்டமி நவமியில் ஏற்றுவதில்லை. ராகு காலத்தில் பொத்தானைத் தொடுவதில்லை. ஆடி மாதத்தில் அறவே கிடையாது. வீடு மாறக் கூடாத மாதத்தில், கல்யாணம் பேசக் கூடாத மாதத்தில், போனுக்கு மட்டும் புதுசு என்ன வேண்டிக் கிடக்கிறது? கூட்டுத்தொகை எட்டு வருகிற நம்பரும் ஆகாது.

அந்த வருஷம் பார்த்து வந்து நின்றது பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு.

"ஐயா, அது கம்ப்யூட்டர் நம்பருய்யா. அதுக்கு என்ன சனியன் இருக்கு?" என்றான் விக்கி.

"வண்டி நம்பருந்தான் நம்பரு. எட்டு வர்ற வண்டியை நம்ம ஊர்ல எவன் விரும்பி எடுத்தான், சொல்லு பாப்போம்."

விக்கியே தன் ஸ்கூட்டருக்கு நம்பர் மாற்றி வாங்கியவன். பேசாமல் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். ஊரெல்லாம் பதினேழுக்குப் போக, வீரையாவும் அவர் மாப்பிள்ளையும் மட்டும் பதினாறிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆடி பிறந்த சமயம், முத்தழகு பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அண்ணே, டயாலிசிஸ் நேரத்தை மாத்திட்டோம்னு புதுசா வந்திருக்க நர்ஸு இவுகளுக்கு ரெண்டு மூணு தடவை அடிச்சாகளாம். இங்குட்டு ஒரு சத்தமும் இல்லை. நாங்க பாட்டுக்குப் போயி அங்குட்டு உக்காந்திருக்கோம். இது மதுரையில இருந்து வந்த போனா இருந்திருந்தா என்னண்ணே பண்றது?"

வீரையா போட்டது போட்டபடி கிளம்பினார். அடுத்த பஸ்ஸில் குன்றக்குடியில் இருந்தார். தன் போனிலிருந்து மாப்பிள்ளைக்கு அடித்தார். நன்றாக அடித்தது. விக்கியைக் கூப்பிட்டு அவன் கடைப் போனிலிருந்து அடிக்கச் சொன்னார். திரையில் நம்பர் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. அதே விக்கியைத் தன் நம்பருக்கு அடிக்கச் சொன்னார். தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறியது. இத்தனைக்கும் விக்கியின் நம்பரை வீரையா பெயர் போட்டு வைத்திருக்கவில்லை. போன் களவு போனால் தெரிந்தவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள் என்று யார் நம்பரையும் அவர் சேர்த்து வைப்பதில்லை.

அதே கம்பெனி, அதே மாடல், அதே பதினாறு. தெரியாத நம்பர் வந்தால் ஒன்று கத்துகிறது, ஒன்று ஊமையாகிறது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு மாறி மாறி முறைத்தார்.

"பழைய வெர்ஷன்லயே கெடக்கீகல்ல, அதான்யா. பதினேழுல அப்படி இருக்காது. போனைக் கொண்டாங்க, பாத்துத் தாரேன்" என்றான் விக்கி. மாப்பிள்ளை போனை இன்னொருத்தன் கையில் கொடுப்பதாவது? அதெல்லாம் நடக்காத காரியம். ஆடி முடியும் வரைக்கும் தினமும் காலையும் மாலையும் குன்றக்குடிக்குப் போன் செய்து, யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டுக் கேட்டு வயிரவனை ஒரு வழி பண்ணினார். ராத்திரித் தூக்கம் போயிற்று. மதுரையில் யாரோ ஒரு பெண் நம்பரைத் தட்டிவிட்டு, எடுக்கவில்லை என்று அடுத்த ஆளுக்குப் போவது மாதிரி அவருக்கு ஓயாமல் தோன்றியது.

ஆவணியில் பதினேழு புள்ளி ஒன்று வந்தது. கூட்டினால் ஒன்பது. புள்ளியும் விழுந்துவிட்டது. அடியில் இருந்த வரியைப் படித்ததும் வீரையா எழுந்தே நின்றுவிட்டார். 'அழைப்பு தொடர்பான சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன.'

"பாத்தியா, பாத்தியா! இத்தனை நாளா இருந்திருக்கு! இப்பத்தான் ஒத்துக்கிறான்!" என்று அக்கம்மாளிடம் கத்தினார்.

தன் போனில் ஏற்றிப் பார்த்து, நல்ல நாளாகப் பார்த்து, குன்றக்குடிக்குப் போய் மாப்பிள்ளை போனிலும் ஏற்றினார். ஏறி முடித்துப் போன் விழித்துக்கொண்டதும் விக்கியை அடிக்கச் சொன்னார். கணீரென்று அடித்தது. முத்தழகு கையெடுத்து முருகன் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். வயிரவனும் சிரித்தார். வீரையா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கம்பெனிக்காரனை நல்லவன் என்று சொன்னார். அதைச் சொன்னதற்காகப் பின்னால் அவர் ரொம்பவும் வருத்தப்பட்டார்.

ஏனென்றால் செக்கர் புத்தி சும்மா இருக்காது. ஒருமுறை டிக்கெட் சரியாக இருந்தால் மறுமுறையும் சரியாக இருக்கும் என்று எந்தச் செக்கரும் நம்புவதில்லை. புரட்டாசியில் ஒருநாள் டீக்கடையில் பக்கத்தில் இருந்தவரிடம் போனை இரவல் வாங்கி வயிரவன் நம்பரைப் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தன் போனிலிருந்து போட்டார். உடனே எடுத்துவிட்டார்.

"மாப்ள, இப்ப வேற ஒரு போன் வந்துச்சா?"

"ஒண்ணும் வரலையே மச்சான்."

வீரையா டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். கள்ளத்தனமாக அடுத்த அப்டேட் ஏறிவிட்டது என்பதே அவர் சந்தேகம். ஒரு பிழையைச் சரிசெய்கிறேன் என்று வந்து இன்னொன்றை வைத்துவிட்டுப் போயிருப்பான். போனதும் முதல் காரியமாக வெர்ஷன் நம்பரைப் பார்த்தார். பதினேழு புள்ளி ஒன்று. அதற்குக் கீழே நீளமாகக் கிடக்கிற எண்களையும் எழுத்துகளையும் தன் போனோடு ஒன்றுவிடாமல் ஒப்பிட்டார். ஒரு இலக்கம்கூட மாறவில்லை. வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வரவில்லை.

வயிரவன் டயாலிசிஸ் முடிந்த அசதியில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வீரையா கட்டிலில் இரண்டு போனையும் அக்கம்பக்கமாகப் போட்டு, செட்டிங்ஸில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். இதில் என்ன இருக்கிறதோ அதில் அது இருக்க வேண்டும். வெகுநேரம் எல்லாம் ஒன்றாகவே வந்தது. அழைப்புகள் என்ற பக்கத்துக்குள் ஒரு மூலையில் வித்தியாசம் தட்டுப்பட்டது. 'அறியாத எண்களை ஒலியின்றி விடுக' என்று ஒரு பொத்தான். அவர் போனில் அது அணைந்து கிடந்தது. மாப்பிள்ளை போனில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

விக்கியைக் கூப்பிட்டு, இது தானாக எரியுமா என்று கேட்டார்.

"அப்டேட் ஏறும்போது எப்பவாவது மாறலாம்யா. ஏறாம தானா மாறாது."

"நம்பரு மாறலைப்பா. நான் பாத்துட்டேன்."

"அப்ப யாரோ கை வச்சிருக்காக."

அந்தப் பேச்சு வீரையாவுக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. இத்தனை மாதமாக அவர் சந்தேகப்பட்டதெல்லாம் எங்கோ கண்காணாத ஊரில் உட்கார்ந்திருப்பவனை. இப்போது அந்த வெர்ஷன் நம்பரே அவனுக்குச் சாட்சி சொல்லி அவனை விடுவித்துவிட்டது. மிச்சம் இருப்பது இந்த வீடு. இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் பிழைக்க வேண்டியவர். அப்படியானால் மற்றவள்?

தங்கையை நினைத்த மாத்திரத்தில் அவருக்கே கூசியது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை. வருஷக்கணக்கில் உப்பில்லாமல் சமைத்து, தண்ணீரை அளந்து கொடுத்து, பஸ்ஸில் தாங்கிப் பிடித்துக்கொண்டு அலைகிறாள். அலுப்பு யாருக்கும் வரும். தெரியாத நம்பர் தொல்லை என்று எதையாவது அமுக்கியிருக்கலாம். அமுக்கத் தெரிந்தே அமுக்கியிருக்கலாம். கொல்லைப்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றார்.

"ஏத்தா, மாப்ள போனை நீ எடுத்துப் பாக்குறது உண்டா?"

"எதுக்குண்ணே?"

"இல்லை, மதுரைக்காரவுக கூப்பிட்டாலும் கேக்காத மாதிரி எவரோ அமுக்கி வச்சிருக்காக. இந்த வீட்டுக்குள்ள வேற யாரு வாராக?"

முத்தழகு கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். "என் தாலியை நானே அறுத்துப் போடுவேன்னு நெனைச்சியாண்ணே?" என்றாள். கத்தவில்லை. அதுதான் வீரையாவைப் போட்டு வதைத்தது. அவர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அவள் திரும்பி மறுபடியும் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். வீரையா அந்தப் பொத்தானை அணைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஊர் திரும்பினார். பஸ்ஸில் வரும்போது தன்னைத் தானே திட்டிக்கொண்டார். கூடப் பிறந்தவளையே டிக்கெட் இல்லாதவள் மாதிரி கேட்டுவிட்டோமே என்று நெஞ்சு அரித்தது. ஆனால் சந்தேகம் இன்னும் மிச்சம் இருந்தது, இப்போது அதற்குப் போக ஒரே இடம்தான் இருந்தது.

மறுநாள் சொல்லாமல் போனார். குன்றக்குடிக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, வயல் ஓரமாக நடந்து, வீட்டின் பின்புறமாக நுழைந்தார். துவைக்கிற கல்லின் மேல் வயிரவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கையில் போன். விரல் தயங்காமல் ஒவ்வொரு பக்கமாகத் திறந்துகொண்டு போயிற்று. அந்த மூலைக்கு வந்து நின்றது. பொத்தான் பச்சையானது.

வீரையா பின்னாலிருந்து கையை நீட்டினார். பஸ்ஸில் நீட்டுகிற அதே மாதிரி. வயிரவன் திரும்பிப் பார்த்து, போனை அந்தக் கையில் வைத்தார்.

"எத்தனை நாளா மாப்ள?"

"தைப்பூசத்துல இருந்து."

"நான் புதுசு ஏத்துன அன்னைக்கு அடிச்சுச்சே?"

"நீங்க வாரேன்னு சொல்லியிருந்தீக. முன்னாடியே அந்தப் பொத்தானை எடுத்துவிட்டுட்டேன். சந்தோசமாப் போனீக மச்சான், நான் ஏன் கெடுக்கணும்?"

வீரையாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "உங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? இதுக்காக நான் தூங்காமக் கெடக்கேன். அவளைப் போயிச் சந்தேகப்பட்டுப் பேசக் கூடாததைப் பேசிட்டேன். பிழைக்க வேணாமா உங்களுக்கு?"

வயிரவன் மலையைப் பார்த்தபடியே பேசினார்.

"பூசத்துக்கு நடந்து போற கூட்டம். ரோட்டோரம் நின்னு மோர் குடுத்துக்கிட்டு இருந்தோம். ஒரு பய பைக்குல வந்து லாரிக்குள்ள விட்டுட்டான். வயசு இருபதுகூட இருக்காது. நான்தான் மொதல்ல ஓடுனேன். தலையைத் தூக்கி மடியில வச்சேன். அந்நேரம் என் மனசுல என்ன வந்துச்சு தெரியுமா மச்சான்? ஐயோன்னு வரலை. இவன் ரத்தம் என்ன குரூப்பா இருக்கும்னு வந்துச்சு."

வீரையா நின்ற இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அந்தப் பய பிழைச்சுட்டான். அப்புறம் விசாரிச்சேன். ஆனா எனக்கு என் மேலயே அருவருப்பாப் போச்சு. இந்தப் போன் அடிக்கணும்னா எங்கயோ ஒரு வீட்டுல எழவு விழணும். காலையில எந்திரிச்சதும் அதுக்குக் காத்துக்கிட்டு ஒக்காரணும். நம்ம முத்தழகு அதுக்குத்தான் மலையைப் பாத்துக் கும்பிடுறா. அவளுக்கு அது தெரியலை. எனக்குத் தெரியுது."

வீரையா இத்தனை வருஷச் சர்வீஸில் எத்தனையோ சாக்கு கேட்டிருக்கிறார், ஒன்றையும் நம்பியதில்லை. இதை நம்பினார். நம்பியதும் பயந்தார். இந்த ஆளை இப்படியே விட்டால் இழந்துவிடுவோம் என்று தெளிவாகத் தெரிந்தது.

"மாப்ள, உங்க போன் அடிக்காட்டியும் அந்த வீட்டுல விழுற எழவு விழத்தான் போகுது. உங்களுக்கு அடிக்காதது இன்னொருத்தருக்கு அடிக்கும், அம்புட்டுத்தான். என் தங்கச்சி அறுத்துக்கிட்டு நிக்கிறதைப் பாக்க என்னால முடியாது. அது மட்டும் முடியாது" என்றார்.

வயிரவன், "அப்ப அந்தப் போனை நீங்க வச்சுக்கங்க. எனக்கு வேணாம்" என்றார்.

அந்த வாரமே மதுரைக்குப் போய் வீரையாவின் நம்பரைக் கொடுத்து மாற்றினார்கள். முத்தழகிடம் மன்னிப்புக் கேட்க வீரையாவுக்கு வாய் வரவில்லை. காரணத்தை மட்டும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, அண்ணனுக்குச் சோறு போட்டாள்.

அதற்குப் பிறகுதான் வீரையாவுக்கு மாப்பிள்ளை சொன்னது முழுசாகப் புரிந்தது. அடிக்கவில்லையே என்று தவித்த மனுஷருக்கு, இப்போது தெரியாத நம்பர் வந்து அடித்தால் எடுப்பதா வேண்டாமா என்று ஆயிற்று. மதுரையாக இருக்க வேண்டும் என்று ஒரு மனம் சொல்லும். வேண்டாமே, இன்றைக்கு வேண்டாமே, எவன் பிள்ளையோ என்று இன்னொரு மனம் சொல்லும். எடுத்துப் பார்த்தால் கடன் தருகிற கம்பெனியாக இருக்கும். முன்பெல்லாம் அந்தப் பிள்ளைகளை வைது வைப்பவர், இப்போது அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லா இரும்மா" என்று வைத்தார். எதிர்முனையில் அவர்கள்தான் குழம்பிப் போனார்கள்.

மார்கழியில் ஒரு காலை, மளிகைக் கடையில் நின்றபோது அடித்தது. மதுரை. நோயாளிக்குக் காய்ச்சல் சளி இருக்கிறதா, எவ்வளவு சீக்கிரம் வர முடியும், ஒன்றும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம் என்று ஒரு பெண் வேகமாகச் சொன்னாள். இன்னொருவரையும் கூப்பிட்டிருக்கிறார்களாம், ரத்தம் பொருந்துகிறவருக்குத்தானாம். வீரையா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். வாடகைக் கார் பிடித்துக் குன்றக்குடி போனபோது வயிரவன் வாசலில் நின்றிருந்தார். காரையும் மச்சான் முகத்தையும் பார்த்தவர் சட்டையை எடுக்க உள்ளே போனார்.

திருப்பத்தூர் தாண்டப்போகும் நேரத்தில் வயிரவன் காரை நிறுத்தச் சொன்னார். எதிரே ஒரு ஜவுளிக்கடை அப்போதுதான் திறந்திருந்தது.

"ஒரு கோடி எடுத்துட்டு வாங்க மச்சான்."

கோடி என்பது எழவு வீட்டுக்குச் சம்பந்தக்காரர்கள் எடுத்துப் போகிற புதுத் துணி. முத்தழகு பதறிப்போனாள். "நல்ல காரியத்துக்குப் போறப்ப என்ன பேச்சு இது?"

"குடுக்குறது எந்த வீடுன்னே சொல்ல மாட்டாகளே மாப்ள. யாருக்குப் போய்ப் போடுறது?" என்றார் வீரையா.

"போட முடியாட்டியும் கையில இருக்கட்டும். வெறுங்கையோட போயி வாங்கக் கூடாது."

வீரையா இறங்கிப் போய் ஒரு புது வேட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

ரத்தம் பொருந்தியது. பிற்பகலில் வயிரவனை உள்ளே கொண்டுபோனார்கள். முத்தழகு சாமி படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீரையா துணிப்பையோடு நடையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அங்கே அழுகிறவர்கள், அழுது ஓய்ந்தவர்கள், போனில் தாழ்ந்த குரலில் ஆட்களை வரச் சொல்கிறவர்கள் என்று பலர் இருந்தார்கள். சிறுநீரகம் கொடுத்தது இதில் எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்க வீரையாவுக்கு அதிக நேரம் ஆகாது. நாலு கேள்வி போதும்.

பக்கத்தில் அவர் வயதிலேயே ஒருவர் வந்து உட்கார்ந்தார். தோளில் துண்டு, வெறுங்கால், பல நாள் தாடி.

"யாரைப் பாக்க வந்திருக்கீக?" என்றார் அவர்.

"மாப்பிள்ளைக்கு ஆபரேசன்."

"நல்லாயிருவாக" என்றார் அந்த மனிதர். அவராகவே சொன்னார். "நாங்க எங்க பயலை வாங்கிட்டுப் போக ஒக்காந்திருக்கோம். சாயங்காலத்துக்கு மேல குடுப்பாகளாம்."

எப்போது, எங்கே, எப்படி, எத்தனை வயசு என்று வாழ்நாளெல்லாம் கேட்டுப் பழகிய கேள்விகள் அத்தனையும் வீரையாவின் தொண்டை வரை வந்தன. இவராக இருக்கலாம். இவராக இல்லாமலும் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் இந்த ஒருவர் வீட்டில்தான் சாவு என்று யார் சொன்னது? கேட்டால் தெரிந்துவிடும். வீரையா கேட்கவில்லை.

"கோடி எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"அதுக்கெல்லாம் ஆளு ஏதுங்க? எல்லாரும் இங்கயேதான் கெடக்கோம்."

வீரையா பையிலிருந்து வேட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தார். அந்த மனிதர் அதையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க என்ன முறைன்னு தெரியலையே..."

"முறைதான். வச்சுக்கங்க" என்றார் வீரையா. அந்த மனிதர் வேட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.